வினைச்சொல்லை விழுங்கிய பெட்டி

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரோ சொல்லித்தந்திருக்க வேண்டும். அதன் பாரதூரத்தை விளங்க வைத்தது கரடியனாற்றில் ஒரு கம்பத்தில் தொங்கிய பெட்டிதான். நிரல் எழுதவும் அதைச் சோதிக்கவும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, வேலையை விட்டுப் போனவள் என்ற உரிமையில் அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

கல்லடியில் எங்கள் நிறுவனம் இருந்தது. கீழே தையல் கடை, மேலே நாங்கள். விவசாயச் சங்கங்களுக்காக ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்தோம். வாய்க்கால் திறப்பது, உரம் வருவது, கூட்டம் நடப்பது என்று எந்த அறிவித்தலையும் எங்கள் அலுவலகத்தில் குரலாகப் பதிவு செய்வோம். அது கைபேசி வலையமைப்பின் வழியாக ஊரில் நட்ட பெட்டிக்குப் போகும். பெட்டி அதை வாங்கிச் சேமித்து, முடிந்ததும் ஊருக்கே கேட்கும்படி பேசும்.

பெட்டிக்கான நிரலை எழுதியவன் ரமணன். கெட்டிக்காரன். தன் நிரலில் பிழை என்று யாராவது சொன்னால் முதலில் மின்சாரத்தையும் பிறகு மனிதரையும் சந்தேகிப்பான். சோதிப்பதும் ஊர்களின் முறைப்பாடுகளைக் கேட்பதும் என் வேலை. எங்கள் மேலாளர் ஓட்டமாவடிக்காரர். வளைகுடாவில் பெரிய வலையமைப்புகளைக் கட்டி மேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வயதில் எனக்கு இளையவர். அதிகம் கதைக்கமாட்டார், கேள்விதான் கேட்பார்.

பெட்டியின் குரல் எட்வினா மிஸ்ஸுடையது. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் குடும்பம். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கியே காலம் கழித்த ஆசிரியை. வீட்டில் போர்த்துக்கேயம் கலந்து கதைப்பவர், ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஓர் எழுத்தையும் தேய விடமாட்டார். லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் மூன்று அறைகளில் குடிவைத்திருப்பார்.

சிறுபோக நெல் விதைப்புத் தொடங்கும் நேரம் ஓர் அறிவித்தல் வந்தது. வாய்க்காலில் திருத்த வேலை முடியவில்லை, தண்ணீர் பிந்தும். மிஸ் அழகாகப் பதிவு செய்தார்: "எதிர்வரும் வெள்ளிக்கிழமை, விவசாயிகள் எதிர்பார்த்திருந்தபடி, வாய்க்கால் திறக்கப்படமாட்டாது."

கரடியனாற்றுப் பெட்டி "எதிர்பார்த்திருந்தபடி, வாய்க்கால் திறக்கப்பட" என்பதோடு நிறுத்திக்கொண்டது. மிச்சத்தை ஊர் தானே முடித்துக்கொண்டது. நல்ல செய்தியை முடித்துவைக்க யாருக்கும் உதவி தேவையில்லை. அடுத்த ஊரில் கொஞ்சம் கூடுதலாகப் போய் "திறக்கப்படமா" என்று நின்றிருக்கிறது. பெட்டி தங்களிடம் ஏதோ கேட்கிறது என்று அங்கே நினைத்துவிட்டார்கள். எங்களுக்கென்ன தெரியும், நீதானே சொல்ல வேண்டும் என்று ஒருவர் கம்பத்தைப் பார்த்து ஏசியதாகக் கேள்வி.

கரடியனாற்றில் பொன்னையாப் போடியாருக்கு நிறைய வயல். பெட்டியை நம்பி விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டினார். வெள்ளிக்கிழமை வாய்க்கால் வாயில் போய் நின்றால் அங்கே ஆடு மேய்கிறது. முளைத்த நெல் காத்திருக்காது. மனிதர் மூட்டைகளை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஒரு மூட்டையை மாடிக்கே தூக்குவித்து என் மேசைக்கு முன்னால் இறக்கினார்.

"இந்தா புள்ள. உங்கட பெட்டி சொல்லித்தான் ஊறப்போட்டன். இனி நீங்களே விதைங்க."

நான் அவசரமாகக் கணினியில் அந்த அறிவித்தலைப் போட்டுக் காட்டினேன். மிஸ்ஸின் குரல் முழுதாக வந்தது. "திறக்கப்படமாட்டாது" என்பதைப் போடியார் கண்ணை மூடிக் கேட்டார். நல்லாத்தான் இரிக்கி, இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். எங்கள் திரையில் அந்த அறிவித்தலுக்கு நேரே பச்சை நிறத்தில் "அனுப்பியாயிற்று" என்று இருந்தது. நாங்கள் அனுப்பியது மெய். அவருக்குப் போய்ச் சேராததும் மெய்.

மேலாளர் தன் ஊர்ப் பக்கம் பலரிடம் தொலைபேசியில் கதைத்து, குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் பயிர் செய்யும் ஒருவரிடம் அந்த முளைநெல்லைச் சேர்ப்பித்துவிட்டார். நெல் பிழைத்தது. போடியாரின் கோபம் இறங்கவில்லை. இனி அந்தப் பெட்டி சூரியன் கிழக்கே உதிக்கும் என்றாலும் மேற்கே பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று பின்னேரம் கூட்டம். ரமணன் தன் நிரலை அலுவலகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினான். சோதனைக்கென மேசையில் வைத்திருந்த எங்கள் பெட்டி ஒரு சொல்லையும் விடவில்லை. அப்படியானால் பிழை மனிதரிடம்தான் என்று பேச்சுத் திரும்பியது. மிஸ் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு கம்பீரமான மூச்சு எடுப்பார். அந்த இடைவெளியை முடிவு என்று பெட்டி நினைக்கிறதோ என்று யாரோ சொன்னார்கள். அடுத்த அறையிலிருந்த மிஸ்ஸின் காதில் அது விழுந்துவிட்டது. கதவில் வந்து நின்றார்.

"நான் இவ்வளவு காலத்தில ஒரு பயனிலையையும் விழுங்கினதில்ல," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் திருப்பி அழைத்துவர நானும் மேலாளரும் கேக்கோடு போக வேண்டியிருந்தது.

ரமணன் ஒரு வழி கண்டுபிடித்தான். கடைசிப் பகுதிதானே வெட்டுப்படுகிறது, கடைசியில் வேண்டாத ஒன்றை ஒட்டிவிடுவோம், வெட்டு அதில் விழட்டும் என்றான். மிஸ்ஸின் தம்பி கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பவர். அவருடைய துள்ளலான வாசிப்பு ஒன்று எல்லா அறிவித்தலுக்கும் வாலாக ஒட்டப்பட்டது. உடனே முறைப்பாடுகள் நின்றன. உர விநியோகத்துக்கும் மாடுகளுக்கு ஊசி போடுவதற்கும் கலியாண வயலின் வாசித்தது ஊர்களுக்குப் பிடித்தும் போனது.

எனக்குப் பிடிக்கவில்லை. மேலாளர் மட்டும் ரமணனைப் பார்த்து, இது முட்டுக்கொடுத்த தடிதான் தம்பி, சுவர் இல்லை என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பிறகு வேறு வேலை வந்தது. தடி நின்ற இடத்திலேயே நின்றது. முறைப்பாடு இல்லாத பிழையைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. இது உங்களுக்கும் நடக்கும்.

மாரி தொடங்கும் காலம், பற்றரி மாற்றுவதற்காகக் கரடியனாற்றுக்குப் போனேன். வயல்களின் தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வானம் வெளித்திருந்தது. நான் குடை கொண்டுவரவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியது.

"வயலின் பாதியிலயே நிண்டிட்டு புள்ள. இண்டைக்கு மழை வரும்."

சிரித்துவிட்டுப் புறப்பட்டேன். செங்கலடிச் சந்தி வருவதற்குள் தலை முதல் கால்வரை நனைந்துவிட்டேன். விசாரித்ததில் ஊரே அப்படித்தான் நாள் பார்க்கிறதாம். வயலின் முழுக்க வந்தால் நெல்லைக் காயப்போடலாம், பாதியில் நின்றால் அள்ள வேண்டும். ஈரச் சேலையோடு பஸ்ஸில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேகம் மிஸ்ஸின் மூச்சை வெட்டாது. எங்கோ தூரத்தில் மேகம் திரண்டாலும் நலிவது தொடர்பு. அப்படியானால் பெட்டி மூச்சைக் கண்டு நிற்கவில்லை. தொடர்பு தடுமாறும் இடத்தில் நிற்கிறது.

ரமணனிடம் சொன்னேன். மழைக்கும் என் நிரலுக்கும் என்ன அக்கா சம்பந்தம் என்றான். ஆனால் அடுத்த நாள் காலையில் ஒரு பெரிய பிஸ்கட் தகரப்பேணியோடு வந்தான். மேசைப் பெட்டியில் தொடர்பை எடுக்கும் பகுதியைக் கழற்றிப் பேணிக்குள் வைத்தான். மூடியைத் திறந்து வைத்து அனுப்பினால் அறிவித்தல் முழுதாக வந்தது. மூடியைப் பாதி சாத்தினால் பாதியில் நின்றது. மூடியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மிஸ்ஸின் வாக்கியத்தை விரும்பிய இடத்தில் வெட்டிக் காட்டினான். அப்போது அவன் முகத்தில் இருந்தது வெற்றியா வெட்கமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

உங்களுக்கு வேண்டிய பாடம் இதுதான். அந்தப் பெட்டிக்குப் பல வேலை. பற்றரியைப் பார்க்க வேண்டும், மணி பார்க்க வேண்டும், செய்தியும் வாங்க வேண்டும். ஆகவே செய்தி வந்து சேரும் வாசலான சொக்கெட்டை அவன் காத்திராத வகையில் வைத்திருந்தான். ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் நிற்காமல் அடுத்த வேலைக்குப் போகும். அந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. இந்தா, இவ்வளவு வந்திருக்கிறது என்பது ஒன்று. இப்போது இல்லை, பிறகு வா என்பது ஒன்று. இனி இல்லை, மற்றப் பக்கம் கதவைச் சாத்திவிட்டது என்பது ஒன்று. "இப்போது இல்லை" என்ற பதிலையும் ரமணனின் நிரல் "இனி இல்லை" என்றே எடுத்துக்கொண்டது. அலுவலகத்தில் தொடர்பு நல்லது, தரவு இடைவிடாமல் வரும், இரண்டாவது பதிலுக்கு இடமே வராது. கரடியனாற்றில் ஒரு கணம் தடுமாறினாலும் போதும். கடற்கரையில் தோணி இன்னும் வரவில்லை என்றதைக் கேட்டு, இன்றைக்கு மீனே இல்லை என்று வீட்டுக்குப் போய்ச் சொன்ன கதை.

மிஸ்ஸை அழைத்து ரமணன் பேணியைக் காட்டி மன்னிப்புக் கேட்டான். அவர் மூடியைத் தன் கையால் ஒருமுறை சாத்திப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

நிரலை அவன் திருத்தி முடிப்பதற்கும் பெருமழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. ஒரு மதியம் செய்தி வந்தது. குளம் நிரம்பிவிட்டது, வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்கள், ஆற்றோரத்து ஊர்களுக்கு உடனே சொல்ல வேண்டும்.

ரமணன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். புதிய நிரல் கையில் இருக்கிறது, அதை இப்போதே எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டு அறிவித்தலை அனுப்புவோம் என்றான். விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. மேலாளர் தன் வழக்கப்படி ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்தப் புது நிரல் எதால போகும்?"

ரமணன் திரும்பிப் பார்த்தான். அதே வழியால்தான் போகும். அதே மழைக்குள்ளால். அதை வாங்கப் போவதும் பாதியை முழுசென்று நம்பும் அதே பழைய நிரல். பாதி நிரல் போய் உட்கார்ந்தால் பெட்டி இனி வாயே திறக்காது. அவன் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். என் வேலைக்காலத்தில் நான் கண்ட மிகப் பெரிய காரியங்களில் அது ஒன்று: நல்ல மருந்து கையில் இருந்தும், அந்த நேரத்தில் கொடுக்காமல் விட்டது.

அறிவித்தலின் வாசகம் வந்திருந்தது. நீர்மட்டம் உயர்ந்துள்ளமையால் வான்கதவுகள் திறக்கப்படவுள்ளன எனவும், ஆகையால் பொதுமக்கள் ஆற்றைக் கடப்பதையோ, ஆற்றில் இறங்குவதையோ, கால்நடைகளை அங்கே விடுவதையோ முற்றாகத் தவிர்த்துக்கொள்ளுமாறும் என்று அது நீண்டுகொண்டே போனது. எந்த இடத்தில் வெட்டுப்பட்டாலும் ஆற்றில் இறங்கச் சொன்னதாக முடியும். வயலினை எவ்வளவு நீளம் ஒட்டினாலும் இந்த மழைக்கு அது காணாது.

ஆனால் பேணியில் பார்த்த ஒன்று எனக்கு நினைவு வந்தது. மிகச் சிறிய செய்தி வெட்டுப்படவே இல்லை. முதல் வாயிலேயே முழுதும் வந்துவிடும், தடுமாற இடமிருக்காது. மிஸ்ஸிடம் போய், ஒரு மூச்சுக்குள், வினைச்சொல்லை முன்னுக்கு வைத்துச் சொல்லித்தரக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுவாய் இல்லாமலா என்று கேட்டார். எழுவாய் இல்லாமல்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"இறங்காதீங்க! ஆத்துல இறங்காதீங்க!"

சொல்லி முடித்ததும் வீட்டு உடுப்போடு சந்தைக்கு வந்துவிட்டவரைப் போலக் கூசிப்போய் உட்கார்ந்தார். அதைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பினோம். திரையில் பச்சை வந்தது. அந்தப் பச்சையை இனி யார் நம்புவது? ஒவ்வொரு ஊர் வட்டவிதானைக்கும் தொலைபேசி எடுத்து, பெட்டி என்ன சொன்னது என்று கேட்டேன். நான் சொல்லிக் கொடுக்கவில்லை; அவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். கரடியனாற்றிலிருந்து மட்டும் பதிலே இல்லை. மணி அடித்துக்கூடக் கேட்கவில்லை.

பதில் இல்லை என்றால் என்ன பொருள்? கைபேசி நனைந்ததா, ஆள் நனைந்தாரா? இப்போது இல்லையா, இனி இல்லையா? மேலாளர் அலுவலக வாகனத்தின் சாவியைத் தூக்கித் தந்தார். ரமணன் ஓட்டினான். நான் பக்கத்தில் இருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன்.

கரடியனாற்றில் பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கம்பத்திலிருந்து மிஸ் மழையை மீறிக் கத்திக்கொண்டிருந்தார். சனம் மேட்டில் நின்றது. உழவு இயந்திரங்கள் ஆற்றைக் கடக்கும் துறைக்குப் போனோம். வட்டவிதானை இடுப்பளவு நனைந்து ஓர் இயந்திரத்தின் முன்னால் கையை விரித்து நின்றார். அவருடைய கைபேசி சட்டைப்பையில் தண்ணீரோடு ஊறிக்கிடந்தது. இயந்திரத்தின் மேல் பொன்னையாப் போடியார். அக்கரையில் அவருடைய எருமைப் பட்டி. ஓட்டிவரப் போகிறாராம். ஆறு அந்நேரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பார்த்தால் பயம் வராது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெட்டி சொல்வது கேட்கவில்லையா போடியார் என்றேன்.

"கேக்குது புள்ள. கடைசிச் சொல்லுத்தான் வரல்ல. இறங்காதீங்க எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க, எண்டு முடியிறதாக்கும்."

ரமணன் முன்னால் போய் விளக்கத் தொடங்கினான். சின்னச் செய்தி என்றால் முதல் வாசிப்பிலேயே முழுதும் வந்துவிடும், அதனால் இது வெட்டுப்படவில்லை என்று நனைந்த கையால் காற்றில் படம் வரைந்தான். போடியார் மரியாதையாகக் கேட்டுவிட்டு இயந்திரத்தை முறுக்கினார். வட்டவிதானையைச் சுற்றிக்கொண்டு போய் முன்சில்லு தண்ணீரைத் தொட்டது. ஒருமுறை பொய்த்த பெட்டிக்காக நியாயம் பேச எனக்கு வாயில்லை. பேசினாலும் அவர் கேட்கப்போவதில்லை. பெட்டியை நம்பாதவருக்குப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தை இரண்டு சொல்லில் சொல்லி, சத்தத்தைக் கூட்டிப் போடியாரின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"போடியார், நான் எட்வினா மிஸ் கதைக்கிறன். ஆத்துல இறங்காதீங்க. முற்றுப்புள்ளி."

பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் கொடுக்கும் குரல். போடியார் தலையைச் சரித்தார். புள்ளி வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். வைத்துவிட்டேன், இதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை என்றார் மிஸ்.

போடியார் இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்து மேட்டில் நிறுத்தி அணைத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. இரைச்சல் முதலில், பிறகு மரக்கிளைகள், பிறகு செம்மண் நிறத்தில் ஆறு முழுதும். துறையில் ஆழம் பார்க்க நட்டிருந்த கல் மறைந்தது. வட்டவிதானை என் கையைப் பிடித்துக்கொண்டார். போடியார் இருக்கையை விட்டு இறங்கவில்லை. அவர் கைகள் சுக்கானையே பிடித்தபடி இருந்தன. அக்கரையில் எருமைகள் யாரும் சொல்லாமலே மேட்டில் ஏறி நின்று எங்களைப் பார்த்தன.

மழை விட்ட பிறகு ரமணனும் நானும் ஏணியோடு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு பெட்டியாகக் கையால் நிரலை மாற்றினோம். இப்போது செய்திக்கு முன்னால் அதன் அளவு போகும். "இப்போது இல்லை" என்ற பதில் வந்தால் பெட்டி வேறு வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். "இனி இல்லை" என்ற பதில் வந்தாலும் அளவைச் சரிபார்க்கும், ஏனென்றால் பாதியில் அறுந்த தொடர்பும் கதவைச் சாத்தியது போலத்தான் தெரியும். அளவு சரி என்று பெட்டி திருப்பிச் சொன்னால்தான் எங்கள் திரையில் பச்சை வரும். வயலினை எடுத்துவிட்டோம். அதற்கு மட்டும் எல்லா ஊரிலிருந்தும் முறைப்பாடு வந்தது.

கரடியனாற்றுப் பெட்டியைத் திருத்திய அன்று போடியார் கம்பத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் வானம் மூடித்தான் கிடந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு சோதனை அறிவித்தலை அனுப்பச் சொன்னேன். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது. பெட்டி கொஞ்சம் பேசாமல் இருந்தது. பிறகு நாங்கள் அதற்குள் புதிதாக வைத்திருந்த வாக்கியத்தை மிஸ்ஸின் குரலில் நிதானமாகச் சொன்னது: செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை, தயவுசெய்து பொறுத்திருங்கள்.

ரமணன் ஏணியின் உச்சியில் தலையில் கையை வைத்துக்கொண்டான். போடியார் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியாததத் தெரியாதெண்டு சொல்ற ஒண்டு," என்றார் வட்டவிதானையிடம், "இப்பதான் நம்மட ஊருக்கு வந்திரிக்கி."